ஒரு குமிழும் குறையாமல்

ஒரு வேலையை முடியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எடுக்க மாட்டேன், குறைக்க மாட்டேன் என்றுதான் சொல்வார். அதையும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார். குரல் உயராது, முகம் மாறாது. "மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, சரி, அடுத்து என்ன என்பது போல நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பதில் தெரியாமல் நான் எழுந்து டீ குடிக்கப் போன நாட்கள் நிறைய. இப்போது அவர் வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். அவரைக் கேட்காமல் இதை எழுதுவதால் பெயரைச் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகம் சிங்காநல்லூரில், பம்ப்செட் உதிரிபாகங்கள் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மொத்தம் பத்துப் பேர். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இசை சம்பந்தமான மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். கீழே மோட்டாரை ஓட்டிப் பார்த்தால் மேலே எங்கள் மேஜையில் பேனா நகரும். அதனால் ஒலிப் பரிசோதனை எல்லாவற்றையும் கடைக்காரர் சாப்பிடப் போகும் மதிய நேரத்துக்கு வைத்துக்கொள்வோம். நான் அங்கே புராஜெக்ட் மேனேஜர். தேதி சொல்வதும், அந்தத் தேதிக்குள் முடிக்க எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று பட்டியல் போடுவதும் என் வேலை. அந்தப் பட்டியல் போடுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. முதலாளி புது ஆட்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போதே, சார் கத்தரிக்கோல் வைச்சிருக்கிறார் என்று சொல்லிச் சிரிப்பார்.

நேர்காணலுக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பத்துப் பெண். கையில் ஒரு பழைய போன், பின்மூடி கழன்று விழாமல் இருக்க அதன்மேல் ஒரு ரப்பர் பேண்ட். எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டேன். நாம் எழுதின ஒரு செயலி போனில் மெதுவாக ஓடுகிறது, நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும், எந்த வசதியை முதலில் எடுப்பீர்கள்? எதைச் சொன்னாலும் சரிதான். ஒரு வரிசை சொல்கிறாரா, அதற்கு ஒரு காரணம் சொல்கிறாரா என்று பார்ப்பதற்கான கேள்வி அது.

"ஒண்ணையும் எடுக்க மாட்டேனுங்க சார். எதுனால மெதுவா ஓடுதுன்னு பாப்பேன்" என்றார்.

நேரமில்லை என்றேன். மெதுவாக ஓடுவது எதனால் என்று தெரியாமல் எதை எடுத்தாலும் அது மெதுவாகத்தானே ஓடும் என்று திருப்பிக் கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ரப்பர் பேண்ட் போனை எடுத்து, அவரே எழுதிய சின்ன நிரல் ஒன்றை ஓட்டிக் காட்டினார். திரையில் விரலை வைத்து இழுத்தால் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ வீணை மீட்டுவது போல ஒரு ஒலி எழுந்து மெல்ல உருமாறிக்கொண்டே போனது. எந்தப் பதிவும் இல்லை, எல்லாம் கணக்குத்தான் என்றார். நான் குறிப்புத் தாளில் 'வளைய மாட்டார்' என்று எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்றே வேலை கொடுத்துவிட்டார்.

அப்போது எங்களுக்கு வந்திருந்தது பெரிய வேலை. கம்ப்யூட்டரில் ஒலியை உருவாக்கும் மென்பொருள் ஒன்று. சிந்தசைசர் என்பார்கள். நாம் கேட்டறியாத ஒலியைக்கூட அடியிலிருந்து கட்டி எழுப்பலாம். அலையை உருவாக்கும் பகுதி, அதை வடிகட்டும் பகுதி, அசைக்கும் பகுதி, இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் ஒயர்கள். எல்லாம் திரையில் வரைந்த படங்கள்தான். திருகுகிற குமிழ்கள் மட்டுமே நானூற்றுச் சொச்சம். பெரிய திரையில், மவுஸின் கூர்முனையால், ஒவ்வொன்றையும் மயிரிழை அளவுக்குத் திருப்பலாம். அதை அப்படியே உள்ளங்கை அளவுத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே மவுஸ் இல்லை, விரல்தான். ஒரு விரலை வைத்தால் அதன் அடியில் ஏழெட்டுக் குமிழ்கள் மறைந்துபோகும். அதற்கும் மேலே, கம்ப்யூட்டர் மூச்சுவாங்கிச் செய்கிற கணக்கை போன் செய்ய வேண்டும். ஒரு கண்ணிமைப்புப் பிந்தினாலும் ஒலி அறுந்து 'படபட'வென்று பொரியும். பத்து நிமிடத்தில் போன் தோசைக்கல்லாகக் காயும்.

முழுசும் வேண்டாம் என்று நான் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இருபது குமிழ், முப்பது ஆயத்த ஒலிகள், ஒயர்கள் உள்ள பக்கமே தேவையில்லை. போனில் வாசிக்கிறவனுக்கு அது போதும் என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மட்டும் கை தூக்கினார்.

"போன் மட்டும் வெச்சிருக்கறவங்களுக்குப் பாதி போதும்னு முடிவு பண்ணுனது யாருங்க சார்?"

நான்தான் என்றேன். சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

முகத்துக்கு நேரே சண்டை போடுகிற ஆள் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் நாங்கள் இருவரும் உக்கடத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். சிங்காநல்லூர் நெருங்கும்போது ரோட்டில் ஏதோ தோண்டிப் போட்டிருந்தார்கள். ஸ்டாண்டுக்குள் போகாது, எல்லோரும் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள் என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் முதல் ஆளாக இறங்கி நடக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியே அவர் குரல் மட்டும் கேட்டது. டிக்கெட் ஸ்டாண்டுக்குத்தானுங்களே கொடுத்தீங்க, சுத்திப் போனாலும் சரிங்க, நான் உட்கார்ந்திருக்கிறேனுங்க என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டர் கத்தினார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். இவரோ தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். அவரைப் பார்த்து, இறங்கப் போன இரண்டு பேர் மறுபடி உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் கழித்து பஸ் சுற்றுவழியில் கிளம்பியது. அன்று அலுவலகத்துக்கு எனக்குப் பின்னால்தான் வந்தார். என்ன சாதித்தீர்கள் என்று கேட்டேன். "ஒரு அம்மா மூட்டையோட ஸ்டாண்டுக்குள்ளயே எறங்குனாங்க சார்" என்றார்.

கட்டைவிரல் விஷயமும் அப்படித்தான். ஒரு குமிழ் எவ்வளவு பெரிதாக இருந்தால் விரல் தப்பாமல் தொடும் என்பதற்கு உலகம் முழுவதும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அதைப் பின்பற்றச் சொன்னேன். அது யாருடைய விரல் என்று கேட்டார். மறுநாள் ஒரு ஸ்டாம்ப் பேடும், கட்டம் போட்ட தாள்களும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் மெஸ் அக்கா, மில் வாட்ச்மேன், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர், உக்கடம் மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர் என்று ஒவ்வொருவரிடமும் கட்டைவிரல் ரேகை வாங்கினார். எந்தத் திட்டத்துக்கு, பணம் எப்போது வரும் என்று ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஊரில் அவருடைய தாய்மாமாவே, காடு தோட்டத்தை எழுதி வாங்குகிறாயா அம்மணி என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். கடைசியில் லோடு இறக்குகிறவரின் ரேகைதான் எல்லாவற்றிலும் அகலமாக இருந்தது. அதைச் சுவரில் ஒட்டினார். இந்த விரல் எந்தக் குமிழையும் தப்பாமல் தொட வேண்டும் என்றார்.

அந்த மனிதர் சிந்தசைசர் வாங்கப் போவதில்லை அம்மணி என்றேன்.

"வாங்க மாட்டாருன்னு அவருகிட்டக் கேட்டீங்களா சார்?"

நானூறு குமிழை அந்த விரலுக்கு ஏற்ற அளவில் வரைந்தால் திரை ஒரு கதவளவு வேண்டும். இதை அவருக்கு நிரூபித்துக் காட்டக் கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். அவர் கம்ப்யூட்டர் படத்தைச் சுருக்கப் போவதே இல்லை என்றார். எல்லாக் குமிழையும் ஒரே நேரத்தில் கண்ணுக்குக் காட்டியது பெரிய திரை இருந்ததால்தான். கைக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேண்டும். ஒன்றைத் தொட்டால், அதோடு சம்பந்தப்பட்டவை மட்டும் கட்டைவிரல் எட்டும் தூரத்துக்குத் தாமாக நகர்ந்து வர வேண்டும். மற்றவை பின்னால் போய் நிற்க வேண்டும். தொட்டபின் விரலைத் திரையில் எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். குமிழை விரல் மறைப்பதால் அதன் அளவு விரலுக்கு மேலே பெரிதாகத் தெரியும். ஒயரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். கிளம்பும் இடத்தைத் தொட்டால், போய்ச் சேரக்கூடிய இடங்கள் எல்லாம் கீழே வரிசையாக வந்து நிற்கும்.

காகிதத்தில் வரைந்து காட்டினார். எனக்கு உள்ளுக்குள் சிலிர்த்தது. வெளியே, தேதி தாண்டிவிடும் என்று மட்டும் சொன்னேன், தடுக்கவில்லை.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தெரிந்தது. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதற்கு இந்த வீம்பு, வேறு யாரும் கேட்கவில்லையே என்று கேட்டேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். கல்லூரியில் அவர் வகுப்பில் எல்லோரிடமும் லேப்டாப் இருந்தது, அவரிடம் போன் மட்டும். இசை பண்ண ஆசை. கிடைத்த செயலியை எல்லாம் இறக்கிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய், சரியாக அவர் போக நினைத்த இடத்தில் நின்றுவிடும். இதற்கு மேல் வேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்குப் போ என்று ஒரு வரி வரும்.

"நாலு வருசமுங்க சார். ஒவ்வொரு தடவையும் அந்த வரி வந்து நிக்கும். எனக்கு அது வேற மாதிரி கேக்கும். நீயெல்லாம் இதுவரைக்கும் வந்ததே ஜாஸ்தின்னு கேக்கும். அந்த வரிய நானே எழுதுவேன்னு நெனைக்கறீங்களா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனேன். ஆனால் அன்று மதியமே, பின்னறையில் இருந்த இரண்டு பேரை அழைத்து, இருபது குமிழ் வடிவத்தைத் தனியாக எழுத ஆரம்பிக்கச் சொன்னேன். அவருக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். எல்லா மேனேஜர்களும் செய்வதுதான், கையில் இன்னொன்று இருக்க வேண்டும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், வெளிநாட்டுக் கம்பெனியோடு வீடியோ அழைப்பு. அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் விற்பனையைப் பார்க்கும் அம்மையார். இன்னொருவர் அந்த மென்பொருளை முதன்முதலில் எழுதிய பெரியவர், தலை முழுக்க நரை. இந்தப் பக்கம் முதலாளி, நான், அவர். நான் திரையைப் பகிர்ந்து இருபது குமிழ் வடிவத்தை ஓட்டினேன். பளபளவென்று இருந்தது. அம்மையாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அழகாக இருக்கிறது, இதைத்தான் எதிர்பார்த்தோம் என்றார்.

நான் பக்கத்தில் திரும்பவே இல்லை. கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ரப்பர் பேண்ட் போனை எடுத்துக் கேமராவுக்கு நேரே நீட்டி, இன்னொன்று இருக்கிறது, பார்க்க முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு குமிழைத் தொட்டார். அதன் சொந்தங்கள் எல்லாம் விரலைச் சுற்றி வந்து நின்றன. ஒயர் போட்டார், இன்னொன்று போட்டார். அந்த ஒலி அறையில் பரவியபோது பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டதைப் பார்த்தேன். நாற்பது விநாடி. பிறகு பொரியத் தொடங்கியது. இன்னும் பத்து விநாடியில் போன் அப்படியே உறைந்தது.

முதலாளி எங்கள் பக்கத்து ஒலியை அடைத்தார். அம்மையார் நாகரிகமாக, இதுவும் நல்ல முயற்சி, ஆனால் முதலில் காட்டியதையே எடுத்துக்கொள்கிறோம் என்றார். மூன்று வாரம் கொடுங்கள் என்று அவர் கேட்டது அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை.

அழைப்பு முடிந்து முதலாளி வெளியே போனதும் அவர் என்னிடம் கேட்டார்.

"எப்ப இருந்துங்க சார் இது?"

"ஆறு வாரமா, அம்மணி."

"ஆறு வாரமா எங்கூட உக்காந்து டீ குடிச்சீங்களேங்க."

அவ்வளவுதான் கேட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் ராஜினாமா கொடுத்தார். அந்தச் செயலியில் செய்தவர்களின் பெயர்கள் வரும் பக்கத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். நான் செய்தது அதில் இல்லையே, என் பெயர் மட்டும் அங்கே எதற்கு என்று கேட்டார். போகும்வரை இருந்த ஒரு மாதமும் தினமும் ஒன்பது மணிக்கு வந்து, தான் செய்த வேலை முழுவதையும் ஒரு வரி விடாமல் எழுதி வைத்தார். அடுத்து எடுத்துச் செய்யப்போகிறவர் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் எழுதினார். அதை நான் படித்திருக்கிறேன். எனக்குத் திட்டு எதுவும் இல்லை. அது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வடிவம் வெளியானது. முதல் வாரம் நிறையப் பேர் இறக்கிக்கொண்டார்கள். பிறகு கருத்துகள் வர ஆரம்பித்தன. ஒயர் பக்கம் எங்கே? கம்ப்யூட்டரில் செய்ததைப் போனில் திறந்தால் பாதிதான் வருகிறதே? இது பொம்மை. ஒருவர் மட்டும், இதற்கு நான் எதற்குப் போன் வாங்கினேன் என்று எழுதியிருந்தார். காலையில் காப்பி குடித்துக்கொண்டே இவற்றைப் படிப்பேன். ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கமான ஒரு குரலில், கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்துக் கேட்கும்.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பெரியவர் முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். போனுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்த அந்தப் பெண் இப்போது எங்கே என்பது மட்டும்தான் அதில் இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பெருந்துறையில் பஸ் இறங்கி, சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி, வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. அவருடைய அப்பா வாசலில் சேர் போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். யாரென்று சொன்னதும், "ஓ, அந்த ஆபீஸுங்களா" என்றார். குரலில் வரவேற்பு இல்லை. கொஞ்ச நேரம் தேங்காய் விலை பேசிவிட்டு அவரே ஆரம்பித்தார். நல்ல இடம் ஒன்று வந்ததாம். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகலாம், பாதி நாள் போனால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகச் சொன்னார்களாம். மகள் காப்பித் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, பாதி நாளெல்லாம் எனக்கு வேண்டாமுங்க என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிப்போட்டாராம். அப்பாவும் மகளும் பேசி மூன்று மாதமாகிறது.

"உங்க ஆபீஸ்லயாவது இவ யாருக்காச்சும் மசிஞ்சிருக்கறாளுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். அவர் என்னை முதல்முறையாக அனுதாபத்தோடு பார்த்தார்.

அப்போது உள்ளேயிருந்து மகள் வந்தார். இளைத்திருந்தார். நலம் விசாரிக்கவில்லை. போனை எடுத்து மேஜைமேல் வைத்து, ஒரு ஒலியை ஓடவிட்டார். மோர் டம்ளர் காலியாகும்வரை ஓடியது. இன்னொரு டம்ளர் வந்து அதுவும் காலியானது. பொரியவில்லை. போனைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது, கையில் வைத்துக்கொள்ளக்கூடிய சூடு. எப்படி என்றேன். கம்ப்யூட்டர் வடிவம் எல்லா ஒயரையும் எல்லா நேரமும் கணக்குப் போடுகிறது, எதுவும் ஓடாத ஒயரைக்கூட. ஒலியில் வந்து சேராத கணக்கை மட்டும் நிறுத்தினேன் என்றார்.

"அப்ப நீயும் குறைச்சிருக்கறே, அம்மணி."

"காதுக்கு வராததத்தானுங்க நிறுத்துனேன். கைக்கு வாரதுல ஒண்ணையுந் தொடலீங்க."

திரும்பி வருவதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார். ஒரு குமிழும் குறையக் கூடாது. புதுசாக வந்த விலை உயர்ந்த போனில் மட்டுமல்ல, அவர் கையில் இருக்கும் போனிலும் ஓட வேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் ஆறு வாரம் ஒளித்துச் செய்ததை, அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும், நானே சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது மூன்றாவதை முதலாளியிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கத்தரிக்கோல் பழக்கம். திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்ததும், பத்து மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். வாயைத் திறக்கப் போனபோது கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்திலேயே சொல்லி முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மோட்டார் நிக்கட்டுங்க சார்." ஐந்து நிமிடம் எல்லோர் முன்னாலும் சும்மா நின்றேன். மோட்டார் நின்றதும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நன்றி என்று அவர் சொல்லவில்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

அதற்கப்புறம் அவரோடு வேலை செய்தது சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். நூறு முறை முட்டிக்கொண்டோம். கண் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார், குமிழ் எங்கே என்று போன் வாய்விட்டுச் சொன்னால் நானும் வாசிப்பேன் என்று. நானூறு குமிழுக்கும் அதைச் செய்ய வேண்டும் என்று இவர் என் மேஜைக்கு வந்து நின்றார். முக்கியமானவற்றுக்கு மட்டும் செய்யலாம் என்று ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் நானே நிறுத்திக்கொண்டேன். இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. தள்ளிப் போட்டது நான்தான் என்று முதலாளியிடம் சொல்லி ஏச்சு வாங்கினேன். என் வேலையில் தேதியைத் தள்ளிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

முடிந்தது. கம்ப்யூட்டரில் இருந்த எல்லாமே உள்ளங்கையில் இருந்தது. வெளியிடுவதற்கு முந்தின வாரம் கடைசி அழைப்பு. அதே அம்மையார், அதே பெரியவர். எல்லாம் பேசி முடித்தபின் அம்மையார், போன் வடிவத்துக்குப் பழைய பெயரோடு 'மினி' என்று ஒரு சொல் சேர்க்கப் போகிறோம், வாங்குகிறவர்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா என்றார். முதலாளி, தாராளமாக என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். இப்போது கை தூக்குவார், 'மாட்டேனுங்க' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து டீ குடிக்கப் போவேனே, அதே பார்வை. எழுந்திருக்க முடியாது, அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மினி வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. இதில் எதுவும் சிறியது இல்லை, அதே பெயரில்தான் வர வேண்டும், ப்ளீஸ் என்றேன். முதலாளி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். அம்மையார், பெயர் வைப்பது உங்கள் பொறுப்பு அல்ல என்று பொறுமையாக விளக்கினார். அப்படியானால் இறுதி வடிவத்தை இன்று அனுப்ப முடியாது என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. வீட்டுக் கடன் இருந்தது, மகளுக்கு அந்த வருடம் பிளஸ் டூ.

அம்மையார் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். பெரியவர்தான் கேட்டார். என்னுடையதில் இருப்பவற்றில் இதில் இல்லாதது ஏதாவது உண்டா?

ஒன்றும் இல்லை என்றேன்.

அப்படியானால் அதே பெயர் என்றார் அவர். அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார். அழைப்பு முடிந்தது.

முதலாளி எழுந்து போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் இறுதி வடிவத்தை அனுப்பி வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தன் லேப்டாப்பை மூடி, ஒயரைச் சுற்றி, பையில் வைத்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"சார், கடைசீல அந்த 'ப்ளீஸ்' சொல்லியிருக்க வேண்டீதில்லீங்க."